ஜாம் பாட்டிலில் ஈரறிவு



செம்பாக்கத்திலிருந்து ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி போன மாதம் ஒரு போஸ்ட்கார்டு எழுதியிருந்தாள். “துளையுடலிகள், குழியுடலிகள், தட்டைப்புழுக்கள் என்று வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டேன். ஹைட்ரா படம் வரைந்து பாகங்களும் குறித்தாயிற்று. இதெல்லாம் நிஜத்தில் எங்கே சார் இருக்கிறது?”

பதில் எழுத உட்கார்ந்தவனுக்குச் சங்கடமாகிவிட்டது. நானும் ரெக்கார்டு நோட்டில் ஹைட்ரா வரைந்தவன்தான். பூச்சாடியில் ஆறேழு நூலைச் செருகி வைத்த மாதிரி ஒரு படம். ‘குட்’ கூட வாங்கினேன். ஆனால் உயிரோடு ஒன்றைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதனால் ஜாம் பாட்டிலோடு கிளம்பினேன். எங்கள் தெருக்கோடியில் வீடு கட்டாமல் கிடக்கும் மனையில் மழைத் தண்ணீர் தேங்கியிருந்தது. அள்ளி வந்து பார்த்தால் அத்தனையும் கொசுப்புழு. “கார்ப்பரேஷன்காரங்க பார்த்தா ஃபைன் போடுவாங்க சார்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். 2021இல் நாங்கள் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்ததிலிருந்து அவருக்கு எதிலும் ஃபைன் பயம். கொட்டிவிட்டேன். அடுத்த ஞாயிறு, நன்மங்கலம் போகும் வழியில் கொஞ்சம் தெளிந்த குட்டை ஒன்றில், தண்ணீர்மேல் மிதக்கும் பொடி இலைகளையும் ஓர் ஆகாயத்தாமரையின் வேரையும் அள்ளி வந்தேன். சமையலறை ஜன்னலில் அசைக்காமல் வைத்தேன். மூன்றாம் நாள், வெளிச்சம் விழும் பக்கத்துக் கண்ணாடியில் அரை அங்குலம்கூட இல்லாத ஒரு நூல். நுனியில் ஆறு இழைகள். தட்டினேன், புள்ளியாகச் சுருங்கிவிட்டது. ஐந்து நிமிடம் பொறுத்தால் மறுபடியும் நீண்டது.

அதற்கு மூளை இல்லை, இதயம் இல்லை, ரத்தம் இல்லை. இரண்டே அடுக்குச் செல்களால் ஆன ஒரு பை, அவ்வளவுதான். சாப்பிடுவதும் சக்கையைத் துப்புவதும் ஒரே வாய் வழியாக. ஆனால் அந்த இழைகளில் கொட்டும் செல்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. நீர்த்தெள்ளு ஒன்று உரசினால் போதும், உள்ளே சுருண்டிருக்கும் நூல் ஈட்டிபோல் பாய்ந்து விஷத்தை ஏற்றிவிடும். மெரினாவில் கரை ஒதுங்கும் சொறிமுட்டையை மிதித்தவர்களுக்கு அந்த ஆயுதம் தெரியும். இரண்டும் ஒரே குடும்பத்து வாரிசுகள், பவளப்பூச்சியும் அப்படித்தான். இடம் மாற வேண்டுமானால் ஹைட்ரா குட்டிக்கரணம் போடும் என்று படித்திருக்கிறேன். என்னுடையது இதுவரை போடவில்லை. சோம்பேறி போலிருக்கிறது.

ஆபிரகாம் டிரெம்ப்ளே என்பவர் ஹாலந்தில் ஒரு பிரபுவின் பிள்ளைகளுக்கு வீட்டு வாத்தியாராக இருந்தவர். 1740இல் பச்சை நிற ஹைட்ரா ஒன்றைப் பார்த்து, இது செடியா பிராணியா என்று குழம்பினார். வெட்டிப் பார்ப்போம், பிராணியானால் செத்துவிடும் என்று இரண்டாக நறுக்கினார். இரண்டு துண்டும் முழுசாக வளர்ந்தன! குழப்பம் தீர்வதற்குப் பதில் இரட்டிப்பானதுதான் மிச்சம். வெட்ட வெட்டத் தலை முளைக்கும் கிரேக்க அரக்கனின் பெயரையே இதற்கு வைத்தார்கள். நம் ஊர்க்காரர் வைத்திருந்தால் ராவணன் என்றுதான் வைத்திருப்பார்.

செடியா, பிராணியா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்குத் தொல்காப்பியத்தின் மரபியல் ஞாபகம் வரும். புல்லும் மரமும் ஓரறிவு, நத்தை போன்றவை ஈரறிவு என்று உயிர்களைப் புலன்களால் அடுக்கிய பட்டியல் அது. முதல் அறிவு தொடுகை, இரண்டாவது சுவை. ஹைட்ரா தொட்டால் சுருங்குகிறது. குத்துப்பட்ட இரையிலிருந்து கசியும் ரசாயனத்தை உணர்ந்துதான் வாயைத் திறக்கிறது. கண் கிடையாது, காது கிடையாது. வெளிச்சம் தேடி நகர்வதை மட்டும் எந்த அறிவில் சேர்ப்பது என்று தெரியவில்லை. அதை விட்டுவிட்டால், என் கணக்குப்படி ஜன்னலில் இருப்பது சரியான ஈரறிவு. தமிழாசிரியர்கள் யாராவது சண்டைக்கு வந்தால் அடுத்த இதழில் இடம் உண்டு.

துளையுடலியான பஞ்சுயிர் இன்னும் ஒரு படி கீழே. நரம்பு, தசை, வயிறு எதுவும் இல்லை. அசையாமல் ஒட்டிக் கிடப்பதால் பல காலம் அதைச் செடியென்றே நினைத்தார்கள். எடின்பரோவில் ராபர்ட் கிராண்ட் – மாணவன் டார்வினைக் கடற்கரைக்கு அழைத்துப் போனவர் – 1820களில் அதன் பெரிய துளையிலிருந்து தண்ணீர் ஊற்றுப்போல் வெளியேறுவதைப் பார்த்தார். சிறு துளைகள் வழியே நீரை இழுத்து, சல்லடைபோல் உணவைப் பிடித்துக்கொண்டு மீதியை வெளியே தள்ளுகிறது அந்த உடம்பு. 1907இல் எச்.வி. வில்சன் ஒரு கடற்பஞ்சைத் துணியில் வைத்துப் பிழிந்து தனித்தனிச் செல்களாக்கினார். அவை ஊர்ந்து ஊர்ந்து ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து மறுபடியும் பஞ்சாகிவிட்டன.

பஞ்சு என்றால் மன்னார் வளைகுடாவுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. நம் நாட்டுக் குளத்திலும் ஏரியிலும் நன்னீர்ப் பஞ்சுகள் உண்டு. பம்பாய்க் குளங்களில் 1840களிலேயே மருத்துவர் கார்ட்டர் அவற்றை ஆராய்ந்தார். அவர் பெயரையே தாங்கிய இனம் நாடெங்கும் இருக்கிறது. பிற்பாடு இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரான ஆனண்டேல், 1911இல் இவற்றுக்கும் ஹைட்ராவுக்கும் சேர்த்து ஒரு தனி நூலே எழுதினார். படித்துறைக் கல்லிலும் நீரில் கிடக்கும் குச்சியிலும் கைக்குச் சொரசொரவென்று ஒட்டியிருக்கும். முகர்ந்தால் ஒரு வாடை. பாசி என்று நாம் தாண்டிப் போயிருப்போம்.

என்னை உட்கார வைத்தது அது கோடையைத் தாண்டும் விதம். வெயில் ஏறும்போது உடம்பு கரைந்துபோகும். அதற்கு முன்பே கசகசாவைவிடச் சிறிய உருண்டைகளில் கொஞ்சம் செல்களைப் போட்டு, கெட்டியான ஓடு மூடி வைத்துவிடும். ஏரி வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தாலும் அவை உயிரோடு இருக்கும். ஐப்பசியில் தண்ணீர் வந்ததும் ஓட்டின் துளை வழியே செல்கள் வெளியே வந்து புதுப் பஞ்சாகும். விதைநெல்லைக் கோட்டை கட்டி வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

செம்பாக்கம் ஏரியில் பஞ்சு இன்னும் என் கண்ணில் படவில்லை. சாக்கடை கலந்து நொந்துபோய், பிறகு சீரமைக்கப்பட்ட ஏரி அது. அதன் தண்ணீர் ஏரி ஏரியாக இறங்கி, 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பள்ளிக்கரணைச் சதுப்புக்குப் போகிறது. பங்குனியில் நீர் வற்றும்போது கரையோரக் குச்சிகளைப் புரட்டிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கிடைத்தவர்கள் எழுதுங்கள்.

போஸ்ட்கார்டு எழுதிய பெண்ணுக்கு: பாட்டிலைச் சமையலறையிலிருந்து எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வந்துவிட்டேன், அம்மா அப்பாவோடு வந்து பார். ஹைட்ராவின் பக்கவாட்டில் ஒரு மொட்டு விட்டிருந்தது. நேற்று ராத்திரி அது கழன்றுவிட்டது, இப்போது இரண்டு.

அன்புடன்,
ஆசிரியர்