கல்லைக் காத்தவருக்கும் ஒரு பதக்கம்

1933-இல் தொடங்கிய பன்னாட்டு விண்கல் ஆய்வுச் சங்கம், இளம் ஆய்வாளர்களுக்கென நியர் பரிசு வழங்குகிறது. 2000-இல் அதைப் பெற்றவர் இந்தியாவில் பிறந்த மீனாட்சி வாத்வா. பெருமைதான். ஆனால் விழுந்த விண்கல்லைக் காப்பாற்றிக் கொடுத்தவரை நம் நாடு கௌரவிப்பது எப்போது? ஒரு கல்லின் மதிப்புக்குச் சான்று பாருங்கள்: 1857 பிப்ரவரி 28 அன்று மதுரை வட்டாரத்தில் விழுந்த பர்னல்லி விண்கல், அதிகம் சூடுபடாத பழைய உருண்டைத் துகள்களைத் தாங்கியிருப்பதால்தான் அறிவியலுக்கு அத்தனை அருமையானது.

தற்செயலாகக் கிடைத்ததற்கு விருதா என்று கேட்பார்கள். விழுவது தற்செயல், மழைக்கு முன்பே எடுத்து, கழுவாமல், உடைத்துப் பங்கு போடாமல், கறுத்த மேல்தோலோடு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைப்பது பொறுப்பு. போலிக் கற்கள் வந்து குவியுமே என்ற அச்சம் நியாயமானது. சோதனை முடிந்தபின் விருது தந்தால் போதும். நாளை ஏதோ ஓர் ஊர் வயலில் ஒரு விண்கல் விழுந்தால், அதைக் காத்த விவசாயியின் பெயரும் ஆய்வுக் கட்டுரையில் அச்சேற வேண்டும்.