அம்மாவுக்குப் பரீட்சை

புனேயிலிருந்து தினமும் ராத்திரி அம்மாவுக்கு ஃபோன். "மாத்திரை போட்டியா? நேத்து யாரு வந்தாங்க? அதுக்குள்ள மறந்துட்டியா?" அக்கறைதாங்க. ஆனா அம்மா தடுமாறுவாங்க, நான் இன்னும் துருவுவேன்.

மான்ட்ரியலில் சோனியா லூபியன் குழுவின் 1998 ஆய்வில், கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வருஷக்கணக்கில் ஏறி உயர்ந்தே இருந்த முதியவர்களுக்கு, ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் 14% சிறியதாக இருந்தது. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வுதான் எனக்குச் சுருக்கென்றது. தோதில்லாத இடத்தில், தோதில்லாத நேரத்தில் ஞாபகச் சோதனை வைத்தால் முதியவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறுகிறது, ஞாபகமும் சொதப்புகிறது. தோதான சூழலில் சோதித்தால் நன்றாகவே சொல்கிறார்கள்.

நாம ஃபோனில் வைப்பதும் அந்தப் பரீட்சைதானே? (நிஜமான மறதின்னா டாக்டரிடம் போகணும், அது வேற.)

நேற்று வத்தக்குழம்புப் பக்குவம் மட்டும் கேட்டேன். இருபது நிமிஷம், ஒரு சாமான் விடாமல் சொன்னாங்க.