ரெண்டே கைதான், சார்!

மேல்நாட்டு சிம்பொனி கச்சேரியை எப்போதாவது டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். முன்னால் வயலின் கோஷ்டி வியர்க்க விறுவிறுக்க இழுத்துக்கொண்டிருக்கும். கடைசி வரிசையில் கோட்டு சூட்டோடு மூன்று நான்கு பேர் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருப்பார்கள். கால் மணி நேரம் கழித்து அதில் ஒருத்தர் மெல்ல எழுந்து, ஒரு முக்கோணக் கம்பியை 'டிங்' என்று தட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்.

'இந்த டிங்குக்கு ஒரு சம்பளமா?' என்று எந்த முதலாளிக்கும் தோன்றும். தோன்றியும் இருக்கிறது! இசை நாடகம் நடக்கிற தியேட்டர்களில் மேடைக்குக் கீழே ஒரு பள்ளம். அதற்குள்தான் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும். இடம் கிடையாது, பட்ஜெட்டும் கிடையாது. ஆகவே தாள வாத்தியத்துக்கு ஒரே ஆள். டிரம், சிம்பல், ஸைலஃபோன், மணி, விசில் எல்லாம் அவர் தலையில். (உங்கள் ஆபீஸில் ரெண்டு பேர் ரிடையரானதும் அந்த ஸீட்டுகளையும் உங்களையே பார்க்கச் சொன்னார்களே, அதேதான்.)

இப்படி ஒற்றை ஆளுக்கு எழுதுவது தனி வித்தை. கற்றுக்குட்டி இசையமைப்பாளர் என்ன செய்வார்? நாலு பேருக்கு எழுதியதை அப்படியே ஒரே பேப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி நீட்டிவிடுவார். பேப்பரில் எல்லாம் டேலி ஆகும். பி.காம். படித்தவன் சொல்கிறேன், பேப்பரில் டேலி ஆவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

ஏனென்றால் வாசிக்கிறவருக்குக் கை ரெண்டுதான். ஜோடி சிம்பலை 'ஜ்ஜாங்' என்று மோத ரெண்டு கையும் வேண்டும். மோதியாச்சு, அடுத்த அடி பெரிய டிரம்மில். சிம்பலை எங்கே வைப்பது? அவசரத்தில் வைத்தால் அதுவே இன்னொரு 'ஜ்ஜாங்'! அதனால் விவரம் தெரிந்தவர் ஒற்றை சிம்பலை ஸ்டாண்டில் மாட்டச் சொல்லி, ஒரு குச்சியால் அடிக்கும்படி எழுதுவார். முக்கோணக் கம்பியையும் கையில் பிடிக்கவிடாமல் ஸ்டாண்டில் தொங்கவிடுவார். ஒரு கை மிச்சம்.

அடுத்தது குச்சி. ஸைலஃபோனுக்குக் கெட்டித் தலைக் குச்சி. டிம்பனிக்குக் கம்பளித் துணி சுற்றிய மெத்துக் குச்சி. மாற்றி எடுக்க நேரம் வேண்டாமா? நிமிஷத்துக்கு 120 அடி வேகத்தில் நாலு அடி கொண்ட ஒரு 'பார்' ரெண்டே விநாடி. (பார் என்றதும் சில பேர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது. இது தாளக் கணக்கில் ஓர் அறை. அவ்வளவுதான்.) அந்த ரெண்டு விநாடிக்குள் ஒரு குச்சியைக் கீழே வைத்து, இன்னொன்றை எடுத்து, ஆறடி நடந்து, டிம்பனியின் தோலில் காதை வைத்து ஸ்ருதி பார்த்து... மனுஷன் என்ன அஷ்டாவதானியா?

கெட்டிக்கார இசையமைப்பாளர் இங்கே ஒரு தந்திரம் செய்வார். நகர்ந்து போவதற்கு முன்னால் பெரிய கோங்கை ஓர் அடி அடிக்க வைப்பார். அது பல விநாடிகள் 'ஓம்ம்ம்' என்று முழங்கிக்கொண்டே இருக்கும். அந்த முழக்கத்தில் இவர் சாவகாசமாக ஸைலஃபோனுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். ஜனங்களுக்கு அது சங்கீதம், வாசிக்கிறவருக்கு டிராவலிங் அலவன்ஸ்! அதே மாதிரி, டிராம்போன் ஏற்கெனவே கர்ஜித்துக்கொண்டிருக்கிற இடத்தில் கூடவே ஒரு டிரம்மும் எதற்கு? வெட்டு. ஆனால் அந்த ஒற்றை 'டிங்' எல்லோரும் மூச்சடக்கிக் காத்திருக்கிற இடத்தில் வருகிறதென்றால் அதன்மேல் மட்டும் கை வைக்கக் கூடாது. எதை வெட்டுகிறார் என்பதில்தான் ஆசாமியின் தரம் தெரியும்.

எந்த வாத்தியம் எங்கே நிற்கிறது என்பதும் முக்கியம். ஹங்கேரியின் பார்டோக் 1937-ல் ரெண்டு பியானோவுக்கும் தாள வாத்தியங்களுக்குமாக ஒரு சொனாட்டா எழுதினார். டிம்பனி முதல் முக்கோணக் கம்பி வரை ஏகப்பட்ட வாத்தியம், வாசிக்க ரெண்டே பேர். எதை எங்கே வைக்க வேண்டும் என்று கல்யாணப் பந்தி மாதிரி படமே போட்டுக் கொடுத்துவிட்டார். ஜெர்மனியின் ஸ்டாக்ஹௌசன் 1959-ல் ஒரே ஆளைச் சுற்றி வட்டமாக வாத்தியங்களை நிறுத்தி ஒன்று எழுதினார். எந்தப் பக்கத்தில் வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம், பேப்பரைத் தலைகீழாக வைத்தும் வாசிக்கலாம். அது வேறு ரகம், விட்டுவிடுவோம்.

காலுக்கும் வேலை கொடுத்தார் ஒரு புண்ணியவான். சிகாகோவில் வில்லியம் லட்விக் 1909-ல் வேகமாக ஓடக்கூடிய டிரம் பெடல் ஒன்றைச் செய்தார். அதற்கு முன் பெரிய டிரம்முக்கு ஒருத்தர், சின்ன டிரம்முக்கு ஒருத்தர் என்பது பல இடங்களில் வழக்கம். பெடல் வந்ததும் காலால் பெரியது, கையால் சின்னது. தியேட்டர் முதலாளிக்கு லாபம். அந்த ரெண்டாவது டிரம்மர் சாயங்காலம் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பார்? பெடலின் சரித்திரம் எழுதுகிறவர்கள் இதற்கு ஒரு பாராவாவது ஒதுக்கலாம்.

பஞ்சத்துக்கு ஆள் குறைத்தும் நல்ல பெயர் வாங்கியவர் ஸ்ட்ராவின்ஸ்கி. 1913-ல் பாரிஸில் ஏறக்குறைய நூறு பேரை வைத்து அமர்க்களம் பண்ணிய மனிதர். அப்புறம் யுத்தம் வந்தது, ரஷ்யாவில் புரட்சி வந்தது, ஊரிலிருந்து வரவேண்டிய பணம் நின்றது. சுவிட்சர்லாந்தில் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, ஊர் ஊராகக் கொண்டுபோகிற மாதிரி ஒரு சின்ன நாடகம் போடலாம் என்று தீர்மானித்தார்கள். 'சிப்பாயின் கதை' என்று பெயர். வாசிக்க மொத்தமே ஏழு பேர். அதில் தாளத்துக்கு ஒரே ஒருத்தர்.

அந்த ஒருத்தருக்கு எழுத ஸ்ட்ராவின்ஸ்கி என்ன செய்தார் தெரியுமோ? லொஸான் நகரத்து இசைக்கடைக்குப் போய், வேண்டிய தாள வாத்தியங்களை எல்லாம் தானே விலை கொடுத்து வாங்கிவந்தார். தானே அடித்துப் பழகிக்கொண்டே எழுதினார். கை எட்டுகிறதா எட்டவில்லையா என்பது தன் தோள்பட்டை வலித்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கும்! அதனால்தான் சின்னதும் பெரியதுமான டிரம்கள், சிம்பல், டாம்பரின், முக்கோணக் கம்பி எல்லாம் நாலு பேர் வேலையை ஒருத்தர் இழுத்துப் போட்டுச் செய்வதாகக் கேட்பதில்லை. ஒரே ஆள் பேசுவதாகக் கேட்கிறது.

1918 செப்டம்பர் 28-ல் லொஸானில் அரங்கேற்றம். ஊர் ஊராகப் போகிற திட்டம்தான் பாழ். அந்த வருஷத்து விஷக் காய்ச்சல் எல்லாவற்றையும் ரத்து பண்ணிவிட்டது.

கதையில் சிப்பாய் தன் வயலினை சாத்தானிடம் கொடுத்துவிடுகிறான். வயலின்தான் அவன் உயிர், டிரம்தான் சாத்தான். கடைசியில் சாத்தானின் வெற்றி நடை. வயலின் கொஞ்சம் கொஞ்சமாக இளைத்து, காணாமலே போய்விடுகிறது. முடிகிற இடத்தில் சத்தம் வருவது அந்தத் தாளக்காரரிடமிருந்து மட்டும்தான். மற்ற ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார்கள்.