உயிரின் விலையும் ஊர்தியின் விலையும்

காட்டுப்பள்ளிக் கப்பல் தளத்திற் கட்டப்பெற்ற ‘விக்ரம்’ 2018-ஆம் ஆண்டிலும் ‘விக்ரகா’ 2021-ஆம் ஆண்டிலும் கடலோரக் காவற்படையிற் சேர்ந்தன. இவற்றின் பின்தளத்தில் ஹெலிகாப்டர் ஒன்று இறங்கி நிற்றற்கு இடமுண்டு. அக்கரையினின்றே சிறு படகேறிச் செல்லும் மீனவன் புயலில் அகப்படுவானாயின் அவ்வூர்தி அவனைத் தேடி உரிய காலத்தில் வருமோ? வருமாயின் அதன் செலவு யாரைச் சார்வது? இவ்விரு வினாக்களையும் ஆராய விரும்புகின்றோம்.

காலந் தாழ்ந்த உதவியின் துயரத்தை நம் நாடு அறியும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கிப் புயலிற் சிக்கிக் கரை திரும்பாத மீனவர் பலர். அவரை விரைந்து தேடுமாறு வேண்டிக் குமரி மாவட்ட மக்கள் குழித்துறையில் இருப்புப் பாதையில் அமர்ந்தனர். 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணி மலைக்காட்டில் தீ சூழ்ந்தபோது மலையேறச் சென்றோரில் இருபதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்து உதவின. எனினும் அன்றிரவு இருளிலே காயமுற்றோரைத் தேடிச் சுமந்து இறக்கியதில் மலைவாழ் மக்களின் தோள்களுக்கும் பெரும்பங்கு உண்டு.

ஹெலிகாப்டர் மிகுந்த பொருட்செலவுடையது என்பதை யாம் மறுக்கின்றிலேம். எரிபொருள், பழகிய விமானி, இடையறாப் பழுதுபார்ப்பு ஆகிய அனைத்தும் வேண்டும். ஆதலின் ஊர்தோறும் ஒன்று வேண்டுமென்று கேட்பது பேதைமை. ஆயினும் அச்செலவை எப்பொழுது கணக்கிடுவது என்பதே யாம் எழுப்பும் வழக்கு. பெருவெள்ளம், 2024-ஆம் ஆண்டு வயநாட்டு நிலச்சரிவு முதலியவற்றில் நிகழ்ந்த வான்வழி மீட்புப் பணிக்காக 132 கோடியே 62 இலட்சம் ரூபாய் செலுத்துமாறு மத்திய அரசு 2024-இற் கேரளத்தைக் கேட்டது. இவ்வளவு காலங் கழித்துத் திடீரெனக் கேட்பானேன் என்று அம்மாநில உயர்நீதிமன்றமே வினவிற்று. உதவியை அழைத்தாற் பின்னர்ப் பற்றுச்சீட்டு வருமென அஞ்சும் அதிகாரி ஒரு நாழிகை தயங்கினும், கடலில் மிதப்பவனுக்கு அந்நாழிகையே ஆயுள் அன்றோ?

பழவேற்காட்டுக் கலங்கரை விளக்கத்தை நோக்குமின். படகு வரினும் வாராவிடினும் இரவுதோறும் அது எரிகின்றது. கரை காணாது தவிக்கும் தோணிக்காரனிடம் எண்ணெய்க் கூலி கேட்பதில்லை. மீட்பு ஹெலிகாப்டரும் அவ்வாறே பொதுச் செலவாதல் வேண்டும். மத்திய, மாநில அரசுகள் தத்தம் பங்கை ஆண்டுத் தொடக்கத்திலேயே வரையறுத்து ஒதுக்குக. புயற்காலத்திற் குமரிக்கரைக்கும், காட்டுத்தீக் காலத்தில் மேற்கு மலைத்தொடருக்கும் அணித்தாக ஊர்திகளை நிறுத்துக. படகுதோறும் இடங்காட்டுங் கருவியும் இருத்தல் வேண்டும். இடந் தெரியாவழி வானூர்தியும் குருடே.

அழைப்பு வந்தபின் விலை பேசுதல் அறமன்று. பேச வேண்டிய விலையைக் கடல் அமைதியாயிருக்கும் இன்றே பேசி முடிப்போமாக.