தெர்மாகோல் மொட்டை மாடியும் என் கிரெடிட் கார்டு பில்லும்: கொலு கத்துக்கொடுத்த பட்ஜெட்

போன வீடியோல எனக்குப் பின்னாடி ஷெல்ஃபுல ஒரு குட்டி மொட்டை மாடி தெரிஞ்சுது இல்லையா? தண்ணி டேங்க், டிஷ் ஆன்டெனா, கொடியில காயற லுங்கி, கைப்பிடிச் சுவர் மேல குந்தியிருக்கற பேட்மேன். "ப்ரோ, இந்த செட் எங்க வாங்கினீங்க? எவ்வளவு ஆச்சு?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க.

வாங்கல. எங்க வீட்டுக்கு வாஷிங் மெஷின் வந்தப்போ அதோட அட்டைப்பெட்டிக்குள்ள இருந்த தெர்மாகோல்தான் அது. கைக்காசு 380 ரூபாய் ஆச்சு. ஆனா அந்த 380 ரூபாய்க்கு வந்து சேர்றதுக்கு முன்னாடி நான் தொலைச்ச காசு ரொம்ப அதிகம். இன்னிக்கு அந்தக் கதையைச் சொல்லிட்டு, ஹாபிக்குச் செலவு பண்றதைப் பத்தி என் கருத்தையும் சொல்லிடறேன். "ஹாபியை விடு, எஸ்ஐபி போடு"ன்னு சொல்லப்போறதில்லை. "ஹாபியை சைடு இன்கம் ஆக்கு"ன்னும் சொல்லப்போறதில்லை.

31 பொம்மை, ஒரு கண் ஆபரேஷன்

2020 கடைசியில ஒர்க் ஃப்ரம் ஹோம்ல மயிலாப்பூர் வீட்டுல உட்கார்ந்திருந்தப்போ ஆரம்பிச்சது. சின்ன வயசுல பெரியப்பா பையன்கிட்ட ஃபன்ஸ்கூல் ஜி.ஐ. ஜோ பொம்மைகள் இருக்கும். ஃபன்ஸ்கூல் நம்ம சென்னை கம்பெனிதான், எம்ஆர்எஃப் குரூப். என்னைத் தொடவே விடமாட்டான். சம்பளம் வந்ததும் அந்த ஏக்கத்தைத் தீர்த்துக்கலாம்னு ஒரு ஃபிகர் வாங்கினேன். அப்புறம் அதுக்கு ஜோடி. அப்புறம் வில்லன். வில்லன் தனியா நிக்கலாமா? ஒரு டீம்.

ரெண்டு வருஷத்துல 31 ஃபிகர். சராசரியா மாசம் 2,500 ரூபாய். 2020-ல பொம்மைகளுக்கான சுங்க வரியை 20-லிருந்து 60 சதவீதம் ஆக்கினாங்க, 2023-ல அது 70 ஆச்சு. வெளிநாட்டுப் பொம்மை வாங்கற ஒவ்வொரு தடவையும் அந்த வரியையும் சேர்த்துத்தான் நாம கட்டறோம். அப்போ இதெல்லாம் எனக்கு உறைக்கவே இல்லை.

2022-ல கார்டுல 46,000 ரூபாய் நிலுவை. எல்லாமே பொம்மை இல்லை, ஆனா பாதிக்கு மேல அதுதான். நான் மினிமம் டியூ 2,300 மட்டும் கட்டிக்கிட்டிருந்தேன். கணக்குப் பாருங்க. மாச வட்டி 3.5 சதவீதம்னா 1,610 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, கிட்டத்தட்ட 290. ஆக நான் கட்டின 2,300-ல 1,900 வட்டிக்கும் வரிக்கும் போச்சு. அசல்ல குறைஞ்சது வெறும் 400. அதே மாசம் புதுசா ஒரு பொம்மையும் ஆர்டர் பண்ணியிருந்தேன்.

அந்த நேரத்துலதான் அப்பாவுக்குக் கண்புரை ஆபரேஷன். இன்ஷூரன்ஸ் எடுத்து வைக்கல, அதுவும் என் தப்புதான். "25,000 அட்வான்ஸ் கட்டணும், இருக்காடா?"ன்னு கேட்டார். "சம்பளம் வரட்டும்பா"ன்னேன். அவர் அந்த ஷெல்ஃபை ஒரு தடவை பார்த்தார். ஒண்ணும் சொல்லல. மறுநாள் அம்மாவோட ரெண்டு வளையல் அடகுக் கடைக்குப் போச்சு.

அப்பா திட்டியிருந்தா பரவாயில்லைன்னு இருந்துச்சு. 31-ல 22 ஃபிகரை வித்தேன், வாங்கின விலையில பாதிகூட வரல. "கலெக்டிபிள், விலை ஏறும்"னு சொல்லி வாங்கினதுதான் எல்லாம். பெட்டியைப் பிரிச்சுட்டா அது வெறும் பழைய பொம்மை. வந்த காசும் கம்பெனி போனஸும் சேர்ந்து கார்டை மூடுச்சு. வளையலை மீட்க இன்னும் ஏழு மாசம் ஆச்சு.

பால்கனியில நின்ன தெர்மாகோல்

2023-ல பழைய வாஷிங் மெஷின் உசிரை விட்டுச்சு. புதுசு வந்தது, கூடவே ரெண்டு கை அகலத்துக்கு தெர்மாகோல் கட்டைகள். பழைய பேப்பர் கடைக்காரர் அட்டையை எடுத்துக்கிட்டு தெர்மாகோலை அங்கேயே வெச்சுட்டார். "இதுல என்ன சார் வெயிட் இருக்கு?"

அவர் சொன்னது சரிதான். தெர்மாகோல்ல கிட்டத்தட்ட 98 சதவீதம் காத்துதான். எடைக்கு விலை போடற தொழில்ல அதுக்கு மதிப்பே கிடையாது. அதனால குப்பைத்தொட்டிக்குப் போகும். தென் சென்னைக் குப்பைன்னா பெருங்குடி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டினாப்புல. தி.நகர் உஸ்மான் ரோடுல கடை மூடற நேரத்துல நடந்து பாருங்க, அந்த வெள்ளைக் கட்டைகள் எவ்வளவு கிடக்கும்னு தெரியும்.

அம்மா சொன்னாங்க: "தூக்கிப் போடாதடா, கொலு பார்க்குக்கு ஆகும்."

மயிலாப்பூர்ல வளர்ந்தவங்களுக்கு இது புதுசில்ல. கொலுப் படி பெரியவங்க டிபார்ட்மென்ட், பக்கத்துல தரையில போடற பார்க் பசங்க டிபார்ட்மென்ட். கேழ்வரகு தூவி முளைக்க வெச்சா புல்வெளி. முகம் பார்க்கற கண்ணாடியைப் படுக்க வெச்சு ஓரத்துல மணல் கொட்டினா குளம். டிவி வந்த தெர்மாகோல்ல மலை, மலைக்கு மேல முருகன். எங்க பாட்டி இதுக்கெல்லாம் கடைக்குப் போய் ஒரு பொருளும் வாங்கினது கிடையாது.

வெளிநாட்டுல ஃபிகர் கலெக்டர்ஸ் இதையே டயோரமான்னு சொல்றாங்க. பெயின்ட் அடிச்ச பேக்கிங் ஃபோம்ல இடிஞ்ச நகரம், கோட்டை, விண்கலம்னு பண்றாங்க. கொலு பார்க்கும் அதே வேலைதான், பேர்தான் வேற.

அந்த நவராத்திரிக்கு அம்மாவுக்குக் கபாலீஸ்வரர் தெப்பக்குளம் படிக்கட்டு செஞ்சு கொடுத்தேன். மிச்சமான கட்டையில எனக்கு ஒரு மொட்டை மாடி. மாசம் 2,500 செலவு பண்ணி எனக்குக் கிடைக்காத ஒரு நிம்மதி அந்த ரெண்டு சனி ஞாயிறுல கிடைச்சுது.

செய்யணும்னா தெரிஞ்சுக்க வேண்டியது

1. அளவு: ஆறு இன்ச் ஃபிகர்னா 1:12. நிஜத்துல ஒரு அடி இருக்கறது இதுல ஒரு இன்ச். ஏழு அடிக் கதவு ஏழு இன்ச், அவ்வளவுதான். பழைய ஜி.ஐ. ஜோ சைஸ் 1:18.
2. வடிவம்: வெட்டறதுக்கு முன்னாடி கட்டையைத் திருப்பித் திருப்பிப் பாருங்க. மெஷினைப் பிடிக்கறதுக்காக அச்சுல வந்த பள்ளமும் மேடும் பாதி கட்டடம் மாதிரியே இருக்கும். என் தண்ணி டேங்க் மேடை அப்படியே வந்ததுதான்.
3. வெட்டறது: புது பிளேடு போட்ட கட்டர், ஃபேன் ஆஃப். ஒரே அழுத்தா அழுத்தாம நாலு தடவை இழுங்க. சூட்டுக் கம்பில வெட்டினா புகை வரும், மூடின ரூம்ல வேண்டவே வேண்டாம். உதிர்ற வெள்ளை மணிகளை அப்பப்போ கூட்டிக் கவர்ல போடுங்க, சாக்கடைக்குப் போகக்கூடாது.
4. ஒட்டறது, பூசறது: ஸ்ப்ரே பெயின்ட் நேரா அடிச்சா தெர்மாகோல் கரைஞ்சு போயிடும், காரம் அதிகமான பசைகளும் அப்படித்தான். ஃபெவிகால் போதும். ஃபெவிகாலைத் தண்ணில கலந்து டிஷ்யூ பேப்பரை மேல ஒட்டினா சிமென்ட் சுவர் மாதிரி ஆயிடும். பேனாவால கீறினா செங்கல். கசக்கின அலுமினியத் தாளை உருட்டி அழுத்தினா கருங்கல். கடைசியா கறுப்புப் பெயின்டைத் தண்ணியா கரைச்சு வழியவிட்டுத் துடைச்சா, மூணு மழைக்காலம் பார்த்த மந்தைவெளி மாடி ரெடி.

செலவு: கட்டர் 60, பிளேடு 40, ஃபெவிகால் 110, கலர் 150, உப்புத்தாள் 20. மொத்தம் 380.

ஒரு விஷயம் முக்கியம். இதுக்காகக் கடையில புது தெர்மாகோல் ஷீட் வாங்காதீங்க. ஒரு தடவை வெச்சுட்டுத் தூக்கிப் போடற அலங்காரத் தெர்மாகோலை 2022 ஜூலை 1-லிருந்து நாடு முழுக்கத் தடை பண்ணியிருக்காங்க. மெஷினோட வர்ற பேக்கிங் அந்தப் பட்டியல்ல இல்லை. அது எப்படியும் வீட்டுக்கு வரத்தான் போகுது. நாம பண்றதெல்லாம் அதைக் கொஞ்ச வருஷம் குப்பைக்குப் போகாம நிறுத்தி வைக்கறது மட்டும்தான். "சுற்றுச்சூழலைக் காப்பாத்தறேன்"னு பீத்திக்க வேண்டாம். 2017-ல வைகை அணைத் தண்ணி ஆவியாகாம இருக்கத் தெர்மாகோல் மிதக்கவிட்டு, அது காத்துல கரை ஒதுங்கினது ஞாபகம் இருக்கில்ல? தெர்மாகோலை நம்பிப் பெரிய பேச்சு பேசக்கூடாது.

"உன் நேரத்துக்கு மதிப்பில்லையா?"

ஆஃபீஸ்ல ஃப்ரெண்ட் கேட்டான். "22 மணி நேரம் ஆச்சுங்கற. உன் சம்பளக் கணக்குல மணிக்கு 250 வெச்சாலும் 5,500 ரூபாய். ரெடிமேடா வாங்கியிருக்கலாமே?"

கேட்க நியாயமா இருக்கும். ஆனா அந்த சனிக்கிழமை சாயந்திரம் யாரும் எனக்கு மணிக்கு 250 கொடுக்கத் தயாரா இல்லை. செட் செய்யாம இருந்திருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ஃபோனைத் தேய்ச்சுக்கிட்டே இன்னொரு ஃபிகரை கார்ட்ல போட்டிருப்பேன். இது என் நேரத்துக்கு விலை மட்டும் இல்லை, என் பர்ஸுக்குப் பூட்டும்கூட. கை முழுக்க ஃபெவிகாலா இருந்தா ஓடிபி அடிக்க முடியாது!

இன்னொரு பக்கம், "அப்போ இதை வித்துடு, சைடு இன்கம்"னு சொல்றவங்க. அதையும் பண்ணிப் பார்த்தேன். தெரிஞ்சவங்களுக்கு ரெண்டு செட், ஒண்ணு 1,500 ரூபாய். பொருள் செலவு 300, வேலை 20 மணி நேரம். மணிக்கு 60 ரூபாய் வந்துச்சு. அடையாறுக்கு ஆட்டோல மடியில வெச்சுக் கொண்டு போனேன். வெளியூருக்கு அனுப்பலாம்னு பார்த்தா கூரியர்ல எடைக்கு இல்லாம இடத்துக்குக் காசு. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டர்ல பெருக்கி 5,000-ஆல வகுப்பாங்க. 60-க்கு 40-க்கு 40 பெட்டின்னா 19.2 கிலோன்னு பில். உள்ள இருக்கறது ஒரு கிலோகூட வராது.

அதைவிடப் பெரிய நஷ்டம், ரெண்டாவது ஆர்டர் செய்யும்போது எனக்குக் கடுப்பா இருந்துச்சு. வாரம் அஞ்சு நாள் டெட்லைனோட வாழறவன் மிச்ச ரெண்டு நாளுக்கும் டெட்லைன் வாங்கிக்கிட்ட மாதிரி. ஒவ்வொரு சந்தோஷத்தையும் காசாக்கணும்னு நம்ம மாதிரி ஃபைனான்ஸ் சேனல்கள்தான் உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கோம். இந்த ஒரு விஷயத்துல நாங்க சொன்னது தப்பு.

கொலு ரூல்

கொலு வைக்கற வீடுகள்ல ஒரு பழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு புது பொம்மை. வடக்கு மாடவீதில கடை போட்டிருக்கும்போது போய், பேரம் பேசி, ஒண்ணோ ஒரு செட்டோ வாங்குவாங்க. மத்ததெல்லாம் பரண்ல இருந்து இறங்கும், பழைய வேட்டித் துணி பிரிச்சு, துடைச்சு, திரும்பப் படி ஏறும். பொம்மை பழசு, ஆனா ஒவ்வொரு வருஷமும் வைக்கற விதமும் பார்க்கும் புதுசு. அதனால யாருக்கும் அலுக்கறதில்லை.

எனக்குத் தெரிஞ்சு ஒரு கலெக்டருக்கு இதைவிட நல்ல பட்ஜெட் கிடையாது. நான் இப்போ ஃபாலோ பண்றது இதுதான்:

- வருஷத்துக்கு ஒரு புது ஃபிகர். நவராத்திரி சமயத்துல, கையில இருக்கற காசுல. கார்டு இல்லை, இஎம்ஐ இல்லை.
- மத்த ஆசையெல்லாம் செட் மேல. கருவி வாங்கறதும் ஷாப்பிங்தான். மூணு செட் முடிக்காம புது கருவி ஒண்ணும் வாங்கறதில்லை.
- மிச்சமாகற 2,500-க்கு வரிசை உண்டு. முதல்ல கார்டு கடன், அடுத்து எமர்ஜென்சி ஃபண்டு, அப்பா அம்மாவுக்கு ஹெல்த் இன்ஷூரன்ஸ், அதுக்கப்புறம்தான் எஸ்ஐபி. அந்த 2,500 பத்து வருஷம் போய், வருஷத்துக்கு 10 சதவீதம் வளர்ந்தா சுமார் 5.16 லட்சம் ஆகும். போட்டது 3 லட்சம். வளர்ச்சிக்கு கேரன்ட்டி கிடையாது, ஆனா ஆபத்துக்குக் கை நீட்டினா அங்க ஏதோ ஒண்ணு இருக்கும்.

போன வருஷம் அப்பாவுக்கு அடுத்த கண்ணுக்கு ஆபரேஷன். அவர் என்கிட்ட கேட்கறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் கட்டிட்டேன். கட்டு பிரிச்ச வாரம்தான் கொலு. செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல, தெப்பக்குளப் படியில அம்மா பேட்மேனை உட்கார வெச்சிருந்தாங்க. அப்பா கண்ணாடியைக் கழட்டிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தார். "படியெல்லாம் நல்லா வந்திருக்குடா"ன்னார்.

அடுத்து உங்க வீட்டுக்கு ஃப்ரிட்ஜோ டிவியோ வந்தா, அந்த வெள்ளைக் கட்டையை ஒரு வாரம் தூக்கிப் போடாதீங்க. அந்த ஒரு வாரம் கார்ட்ல இருக்கற பொம்மையையும் ஆர்டர் பண்ணாதீங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு, எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணுங்க.