காவல்துறையை யார் விசாரிப்பது? சுதந்திரமான புகார் ஆணையம் குறித்து எங்கள் நிலைப்பாடு

காவல்துறையினர்மீது வரும் புகாரைக் காவல்துறையே விசாரிக்கக் கூடாது. தமிழ்நாடு காவல்துறை (சீர்திருத்தம்) சட்டம், 2013 உருவாக்கிய புகார் ஆணைய முறையை மாற்ற வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில், சொந்தப் புலனாய்வாளர்களோடு, அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தோடு மாநில அளவிலும் மாவட்டந்தோறும் புதிய ஆணையங்கள் வேண்டும். இதுவே எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. காவல் சீர்திருத்தத்துக்குக் கோரிக்கைகள் எத்தனையோ உண்டு. அவற்றுக்கெல்லாம் முன்னால் இந்த ஒன்றை ஏன் நிறுத்துகிறோம் என்பதை விளக்கவே இந்த அறிக்கை.

2020 ஜூன் 19. ஊரடங்கு நேரம் கடந்தும் செல்போன் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சொல்லி சாத்தான்குளத்தில் ஒரு தந்தையையும் மகனையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். அன்றிரவு முழுக்க அடி. மறுநாள் அரசு மருத்துவமனையில் உடல்தகுதிச் சான்று கிடைத்தது. மாஜிஸ்திரேட்டிடம் ரிமாண்ட் உத்தரவும் கிடைத்தது. சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டி கிளைச் சிறையில் இருவரையும் அடைத்தார்கள். 22-ஆம் தேதி இரவு மகன் இறந்தார். விடிவதற்குள் தந்தையும் போய்விட்டார். டாக்டர், நீதிமன்றம், சிறை என்று சட்டம் வைத்திருக்கும் எல்லா வாசலிலும் அந்த இருவரும் நிறுத்தப்பட்டார்கள். ஒரு வாசலிலாவது யாராவது நிமிர்ந்து பார்த்து, ‘இந்த ரத்தம் எப்படி வந்தது?’ என்று கேட்டிருந்தால் இருவரும் பிழைத்திருக்கக்கூடும்.

உண்மை வெளியே வந்த விதத்தையும் பார்க்க வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் நேரிலேயே ஸ்டேஷனுக்குப் போனார். அங்கே அவருக்கு ஒத்துழைப்பு இல்லை. மிரட்டும் தோரணைதான் இருந்தது. ஒரு காவலர் அவரை ஒருமையில் இழிவாகப் பேசியதையும் அவரே தம் அறிக்கையில் எழுதினார். ஒரு காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டிய நிலை வந்தது. சிசிடிவி இருந்தது, பதிவைச் சேமிக்க ஹார்டு டிஸ்கில் இடமும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். லத்தியிலும் மேசையிலும் இருந்த ரத்தக்கறையைப் பற்றிச் சொன்னவர் அதே ஸ்டேஷனில் வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட அவர் அஞ்சியதும், உத்தரவாதம் கொடுத்த பிறகே கையெழுத்திட்டதும் பதிவாகியிருக்கிறது.

ஒரு நீதித்துறை நடுவருக்கே இந்தக் கதி. கையில் மனுவோடு வரும் கூலித் தொழிலாளிக்கு எந்தக் கதி?

ஐந்து ஆண்டு கழித்து, 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் பத்ரகாளியம்மன் கோயிலின் இளம் காவலாளி ஒருவர் நகை காணாமல்போன புகாரில் விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே அடித்தது தனிப்படை. பிரேதப் பரிசோதனை 44 காயங்களை எண்ணியது. மாநிலம் தன் குடிமகனையே கொன்றிருக்கிறது என்ற பொருளில் உயர் நீதிமன்றம் பேசியது. முதலமைச்சர் அந்தக் குடும்பத்திடம் தொலைபேசியில் வருத்தம் தெரிவித்தார், வழக்கு சிபிஐக்குப் போனது, ஐந்து காவலர்கள் கைதானார்கள். இதற்கெல்லாம் பெரிய காரணம், கோயில் ஊழியர் ஒருவர் மறைவில் நின்று செல்போனில் எடுத்த சில நொடி வீடியோ.

சாத்தான்குளத்தில் ஒரு நடுவரும் ஒரு தலைமைக் காவலரும். மடப்புரத்தில் ஒரு செல்போன். இவர்கள் இல்லாத ஊர்களில் என்ன நடந்தது, யார் விசாரித்தார்கள்? தமிழ்நாட்டில் காவல் வன்முறைக்குப் பொறுப்புக்கூற வைப்பது இன்னும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் இருக்கிறது என்பதே எங்கள் குற்றச்சாட்டு. தனி மனிதரின் துணிச்சலை நாங்கள் வணங்குகிறோம். ஆனால் அதை ஒரு நிர்வாக ஏற்பாடாக ஏற்க முடியாது.

மாற்று ஏற்பாடு என்ன என்பதை உச்ச நீதிமன்றம் என்றைக்கோ சொல்லிவிட்டது. 2006 செப்டம்பர் 22 அன்று பிரகாஷ் சிங் வழக்கில் மாநிலங்களுக்கு இட்ட கட்டளைகளில் ஒன்று, மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல்துறை புகார் ஆணையம் அமைப்பது. மாநில ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி தலைவராக இருக்க வேண்டும். தலைமை நீதிபதி தரும் பட்டியலிலிருந்து அவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. எஸ்.பி.யும் அதற்கு மேற்பட்டவர்களும் மாநில ஆணையத்தின் வரம்பில், டி.எஸ்.பி. வரை மாவட்ட ஆணையத்தின் வரம்பில் வருவார்கள். ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும்.

தமிழ்நாடு ஏழு ஆண்டு கழித்துச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின்படி மாநில ஆணையத்தின் தலைவர் உள்துறைச் செயலாளர். டி.ஜி.பி.யும் சட்டம்-ஒழுங்கு ஏ.டி.ஜி.பி.யும் உறுப்பினர்கள். மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி.யும் கூடுதல் எஸ்.பி.யும் உறுப்பினர்கள். யாரைப் பற்றிப் புகாரோ அவருடைய மேலதிகாரிகளே நீதிபதிகள். உச்ச நீதிமன்றம் கேட்ட ஆணையத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பழைய ஏற்பாட்டின்மேல் அந்தப் பலகையை மாட்டியிருக்கிறார்கள். இதை நிறைவேற்றியபோது ஒரு கட்சி ஆட்சியில் இருந்தது. பின்னர் வந்த கட்சியும் இதைத் திருத்த முன்வரவில்லை. இரண்டையும் ஒரே குரலில் கண்டிக்கிறோம்.

இந்த ஏற்பாடு கீழே எப்படி வேலை செய்கிறது என்பதை எங்களிடம் வருகிறவர்களின் கதையில் திரும்பத் திரும்பக் கேட்கிறோம். இன்ஸ்பெக்டர் அடித்தார் என்று ஒருவர் எஸ்.பி. அலுவலகத்தில் மனு கொடுக்கிறார். முத்திரை குத்திய நகல் கிடைக்கிறது. மனு அங்கிருந்து டி.எஸ்.பி.க்குப் போகிறது, டி.எஸ்.பி.யிடமிருந்து ‘உரிய விசாரணைக்காக’ அதே ஸ்டேஷனுக்கு வருகிறது. இரண்டு வாரத்தில் ரைட்டர் போன் செய்வார்: ‘மேல மனு போட்டிருக்கீங்களாமே, ஒருதரம் வந்துட்டுப் போங்க.’ போனால், எழுதி வைத்த தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். சமாதானமாகிவிட்டதாக, மேல்நடவடிக்கை தேவையில்லை என்று. போடாமல் வந்தால் அடுத்த வாரம் அண்ணன்மீதோ மச்சான்மீதோ ஒரு வழக்கு வரலாம் என்பது ஊருக்கே தெரியும். பெரும்பாலானவர்கள் போட்டுவிடுகிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எங்களுக்கு மனம் வருவதில்லை.

ஏற்கெனவே அமைப்புகள் இருக்கின்றனவே என்று கேட்பார்கள். காவலில் மரணம், காணாமல்போதல், பாலியல் வன்கொடுமை என்றால் நீதித்துறை நடுவர் விசாரணை கட்டாயம். முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 2006 முதல் இருந்த இந்த விதி புதிய பி.என்.எஸ்.எஸ்.ஸிலும் தொடர்கிறது. நல்ல விதி. ஆனால் அடி வாங்கி உயிரோடு திரும்பியவருக்கு இதில் இடமில்லை. அடிபட்டவர் செத்தால்தான் நீதிபதி வருவார். 2023-இல் அம்பாசமுத்திரத்தில் விசாரணைக்கு வந்தவர்களின் பற்களைப் பிடுங்கியதாக ஓர் இளம் ஐ.பி.எஸ். அதிகாரிமீது புகார் எழுந்தபோது, முதலில் சார் ஆட்சியர், பிறகு மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி, பிறகு சிபிசிஐடி என்று விசாரணை கைமாறிக்கொண்டே போனது. நிரந்தரமாக ஓர் ஆணையம் இருந்திருந்தால் முதல் நாளே புகார் அங்கே போயிருக்கும்.

மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது, உண்மை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தும் என்று 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு தீர்ப்பளித்ததை வரவேற்கிறோம். ஆனால் அதன் புலனாய்வுப் பிரிவிலும் காவல்துறை அதிகாரிகளே இருக்கிறார்கள். ஓராண்டு கடந்த சம்பவத்தை விசாரிக்கச் சட்டம் அதற்கு இடம் தருவதில்லை. அடித்தவர் அதே ஊரில் இன்ஸ்பெக்டராக இருக்கும்வரை வாய் திறக்க அஞ்சுகிறவருக்கு ஓராண்டு போதாது. நீதிமன்றத்துக்குப் போனாலும் காத்திருப்புதான். தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சேர்ந்து நடத்திய கொடுமைக்கு 2011-இல்தான் தண்டனை வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்ய 2023 ஆனது. 2011 தீர்ப்பு வருவதற்குள்ளேயே குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். பாதிக்கப்பட்ட பெண்கள் அத்தனை ஆண்டும் காத்திருந்தார்கள்.

காவலர்களின் மன உறுதி குலைந்துவிடும் என்ற வாதத்தையும் மதித்தே பதில் சொல்கிறோம். காவலர் வாழ்க்கை கடினமானது. பந்தோபஸ்து என்றால் நேரம் காலம் கிடையாது. வார விடுமுறைக்கு 2021-இல் அரசு உத்தரவு வந்தும் எல்லா ஸ்டேஷனிலும் அது ஒழுங்காகக் கிடைப்பதில்லை. இவர்களுக்கு மேலிருந்து வரும் கட்டளைகள் பெரும்பாலும் போனில் வருகின்றன. ‘நகை இன்னிக்கே வந்தாகணும்’ என்று போனில் சொன்னவரின் பெயர் எந்தக் காகிதத்திலும் இருப்பதில்லை. லத்தியைத் தூக்கியவர் ஜெயிலுக்குப் போகிறார். திருப்புவனத்தில் காவலர்கள் கைதானார்கள், டி.எஸ்.பி. பணியிடை நீக்கமானார், எஸ்.பி. காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார். கட்டளை எங்கே தொடங்கியது என்பதைத் தேட எந்த இலாகா விசாரணைக்கும் விருப்பம் இருக்காது. சுதந்திரமான ஆணையம் அதைத் தேடும். வாய்மொழிக் கட்டளைகளை ஸ்டேஷனின் பொது நாட்குறிப்பில் நேரத்தோடும் பெயரோடும் எழுதுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கோருகிறோம். இது கீழ்நிலைக் காவலருக்குத்தான் முதல் பாதுகாப்பு. சாட்சி சொல்லும் காவலரை இடமாற்றம், சார்ஜ் மெமோ ஆகியவற்றிலிருந்து காக்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு வேண்டும்.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. 2020 டிசம்பர் 2 அன்று பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் எல்லா ஸ்டேஷனிலும் நுழைவாயில், லாக்கப், வராந்தா, இன்ஸ்பெக்டர் அறை என எங்கும் ஒலிப்பதிவோடு கூடிய சிசிடிவி வைக்கச் சொன்னது. பதிவைப் பதினெட்டு மாதம் வைத்திருக்க வேண்டும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டு. கேமராக்கள் வேலை செய்யாததைப் பற்றி 2025-இல் அதே நீதிமன்றம் மறுபடியும் தானாக முன்வந்து கேட்க நேர்ந்தது. பதிவுப் பெட்டி ஸ்டேஷனுக்குள் இருக்கும்வரை ‘அன்றைக்குக் கரண்ட் இல்லை’ என்ற பதிலும் இருக்கும். பதிவு நேரடியாக மாவட்டப் புகார் ஆணையத்தின் சர்வருக்குப் போக வேண்டும். கேமரா நின்றால் அங்கே தெரிய வேண்டும்.

எங்களை ஆதரிப்பவர்களிலும் சிலருக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கைதானவர் ‘தப்பி ஓட முயன்று வழுக்கி விழுந்தார்’ என்ற செய்தியும், கையில் மாவுக்கட்டோடு அவர் தரையில் உட்கார்ந்திருக்கும் படமும் வரும்போது அதன்கீழே கைதட்டல் குவிகிறது. என்கவுன்ட்டர் என்றால் இனிப்பு கொடுக்கிறார்கள். வழக்கு பத்தாண்டு இழுக்கும், சாட்சி பிறழ்வார், குற்றவாளி தெருவில் நடப்பான் என்ற கசப்பிலிருந்து வரும் கைதட்டல் அது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஆனால் மடப்புரத்துக் காவலாளியும் அடி விழுந்த நேரத்தில் போலீஸ் கணக்கில் ‘திருடன்’தான். எந்தக் கொடிய குற்றம் சாட்டப்பட்டவரானாலும் காவலில் அடிப்பதையும் சுடுவதையும் எதிர்க்கிறோம். போலீசிடம் சொன்ன ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது. அடித்து வாங்கியதால் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நீதியும் வரப்போவதில்லை. கட்டு போட்ட கையைப் பார்த்துத் திருப்தியடையும் அதே ஊரில், கணவன் அடித்ததைச் சொல்லப்போன பெண்ணை வழக்குப் பதியாமல் வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்பி அனுப்புகிறார்கள்.

மத்திய அரசிடம் கேட்பது இரண்டு. சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது, இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. சட்ட ஆணையம் 2017-இல் வரைவுச் சட்டத்தோடு தந்த 273-வது அறிக்கையை எடுத்து நிறைவேற்ற வேண்டும். காவலில் ஏற்பட்ட காயத்துக்குக் காவலில் வைத்திருந்தவரே பதில் சொல்ல வேண்டும் என்ற அனுமானத்தைச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மாநில அரசிடம் கேட்பது, 2013 சட்டத்துக்கான திருத்த மசோதா. அது வரும்வரை மக்கள் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். ஸ்டேஷனில் யாரேனும் அடிக்கப்பட்டால், அன்றே அரசு மருத்துவமனையில் காயங்களைப் பதிவு செய்யுங்கள்; எப்படி ஏற்பட்டது என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரிமாண்டுக்குக் கொண்டுபோனால் மாஜிஸ்திரேட்டிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சம்பவ நாள், நேரத்தைக் குறிப்பிட்டு, சிசிடிவி பதிவைப் பாதுகாக்கும்படி எஸ்.பி.க்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அந்தப் பதிவைப் பாதுகாக்கக் கோரும் உரிமை பாதிக்கப்பட்டவருக்கு உண்டு என்று 2020 தீர்ப்பே சொல்கிறது. ஸ்டேஷனில் நீட்டும் எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்திடாதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.