கையேட்டுக்கும் ரிவ்யூ வேண்டும்: தொழில்நுட்ப எழுத்தாளர்களின் கோரிக்கைச் சாசனம்

மென்பொருள் நிறுவனங்களின் நிர்வாகத்தினருக்கும் பொறியாளர்களுக்கும், அங்கே கையேடுகளும் உதவிப் பக்கங்களும் எழுதும் நாங்கள் முன்வைப்பது:

எங்கள் எழுத்தை இன்னும் கடுமையாகப் பாருங்கள். 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் தெராக்-25 என்ற சிகிச்சை இயந்திரம் ஆறு நோயாளிகளுக்கு அளவுமீறிய கதிர்வீச்சைச் செலுத்தியது. கோளாறு மென்பொருளிலும் வடிவமைப்பிலும் இருந்தது, உண்மைதான். ஆனால் டெக்சாஸின் டைலர் நகரில் திரையில் 'மால்ஃபங்ஷன் 54' என்று வந்தபோது, அது என்ன என்று சொல்ல இயக்குபவரின் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. அவர் சிகிச்சையைத் தொடரும் விசையை அழுத்தினார். கையேட்டில் விடுபட்டதைச் சுட்டிக்காட்ட ஆள் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எனவே முதலில் நேரம் கேட்கிறோம். ரிலீஸுக்கு முந்தின இரவில் வரும் திருத்தத்தைச் சரிபார்க்க வழியில்லை. அவசரத்தில் புதுப் பிழை நுழைகிறது. நிரல் ரிவ்யூ இல்லாமல் வெளியே போகாது என்ற விதி உங்களிடம் இருக்கிறது. அதே விதியைக் கையேட்டுக்கும் வையுங்கள்.

படித்துவிட்டு 'ஓகே' போடாதீர்கள். எதுவும் நிறுவாத கணினியில் நாங்கள் எழுதிய படிகளை ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். எந்தப் படியில் நின்றுபோனது, என்ன செய்தி வந்தது என்று எழுதுங்கள். 'புரியவில்லை' என்றால் எந்த வரி என்று காட்டுங்கள். தகவல் தவறா, உங்கள் நடை விருப்பமா என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். இயல்புநிலை மதிப்பு தவறாக இருப்பதும், ஒரு சொல் உங்களுக்குப் பிடிக்காமல் இருப்பதும் ஒரே எடை உடையவை அல்ல. இருவர் முரண்பட்டால் முடிவெடுப்பவர் யார் என்பதை முன்பே அறிவியுங்கள்.

வாடிக்கையாளர் உதவிப் பிரிவுக்கு வரும் புகார்களை நாங்களும் நேரடியாகப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்திடம் தனியாக ஒன்று: வந்த திருத்தங்களை எண்ணி ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண் குறைப்பதை நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் எவரும் அரைகுறை வரைவைக் காட்டத் துணிய மாட்டார்கள். பிழை கடைசிவரை ஒளிந்திருக்கும்.

எங்கள் பங்குக்கு, ஒவ்வொரு கருத்துக்கும் பதில் தருவோம். ஏற்காவிட்டால் காரணம் எழுதுவோம். முதல் வரைவிலேயே உங்களிடம் வருவோம்.

அடுத்த ரிலீஸ் திட்டத்தைப் போடும்போதே, கையேட்டு ரிவ்யூவுக்கான தேதியையும் பொறுப்பாளரின் பெயரையும் அதில் எழுதுங்கள்.